வெயிலில் பெற்றோல் வடிப்பது எப்படி?

நானோப் பொருட்களைக் கொண்டு சூரிய ஒளியிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆராய்ச்சியில் கலாநிதிப் பட்டம் பெற நினைக்கும் புத்தளம் மாவட்டத்து மதுரங்குளிப் பிள்ளைகளுக்கான வழிகாட்டி இது. விருதோடை, கனமூலை, கடையாமோட்டைப் பிள்ளைகளும் பயன்படுத்தலாம். பெற்றோரும் ஒருமுறை வாசித்து வைப்பது நல்லது. "மகன் என்ன படிக்கிறார்?" என்று கலியாண வீட்டில் யாராவது கேட்டால் சோற்றுச் சகனுக்கு முன்னால் முழிக்க வேண்டியிராது.

வேண்டியவை: வெள்ளைப் பொடி 50 மில்லிகிராம், வடித்த தண்ணீர் 100 மில்லிலீற்றர், கொஞ்சம் மெதனோல், அதைவிடக் கொஞ்சமாகப் பிளாற்றினம், காற்றுப் புகாத கண்ணாடிக் குடுவை, 300 வாட் செனோன் விளக்கு, அது எரிய மின்சாரம், நாலைந்து வருடம். வெயில் தேவையில்லை.

கடைசி வரி அச்சுப்பிழை அல்ல.

வெயிலை வாசலில் விட்டுவிட்டு வரவும்

புத்தளம் கரையில் வெயிலை வைத்துப் பிழைக்கத் தெரியாதவர்கள் குறைவு. பாலாவிப் பக்கம் களப்போரமாக உப்பளங்கள் கிடக்கின்றன. பாத்தியில் தண்ணீரைக் கட்டி வெயிலிடம் ஒப்படைத்தால் அது உப்பாக்கித் தருகிறது. கற்பிட்டியில் மீனைக் கீறி விரித்தால் கருவாடு. தோட்டத்தில் தேங்காயை உடைத்துக் காயவைத்தால் கொப்பரா. இந்தத் தொழில்கள் எதற்கும் மேற்பார்வையாளரும் இல்லை, ஆய்வேடும் இல்லை. அதனால்தான் அவை ஒழுங்காக நடக்கின்றன என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சில் சேர வேண்டாம். வெயில் தொழிலுக்கும் ஆபத்து உண்டு. மழை பருவம் தப்பிப் பெய்ததில், நாலு பக்கமும் கடல் சூழ்ந்த இந்த நாடு 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு வாங்கித் தின்றது.

ஆய்வுகூடத்துச் சூரியன் வேறு சாதி. அதற்கு 'ஏஎம் 1.5' என்று பெயர். சூரியன் உச்சியிலிருந்து 48 பாகை சாய்ந்து நிற்கும்போது வளிமண்டலத்தை ஒன்றரை மடங்கு தடிப்பில் கடந்து வரும் ஒளி அது. ஐக்கிய அமெரிக்காவின் அகலக்கோடுகளை மனதில் வைத்து வகுத்தார்கள். சதுர மீற்றருக்கு 1000 வாட் என்பது கணக்கு. மதுரங்குளியோ மத்திய கோட்டுக்கு வடக்கே 8 பாகையில் கிடக்கிறது. ஏப்ரல் முதற்பாதியில் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். நிழலைத் தேடினால் செருப்புக்கு அடியில் இருக்கும். அதெல்லாம் தரப்படுத்தப்பட்ட சூரியன் அல்ல. அந்த வெயிலில் எடுத்த அளவீட்டைச் சஞ்சிகைக்கு அனுப்பினால், மேகம் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டு எழுதுவார்கள். ஆகவே கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் போடவும்.

நியாயம் அவர்கள் பக்கம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோக்கியோவிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே பொடி ஒரே விடை தருகிறதா என்று பார்க்க, இரண்டு ஊருக்கும் ஒரே சூரியன் வேண்டும்.

அந்தச் சூரியனுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் போனால் நுரைச்சோலை. 2011இல் அங்கே முதல் இயந்திரம் ஓடியது, 2014இல் மூன்றாவதும் சேர்ந்தது. மொத்தம் 900 மெகாவாட். நாட்டிலேயே பெரிய மின்நிலையம், ஒரே நிலக்கரி மின்நிலையமும் அதுதான். வெயிலிலிருந்து எரிபொருள் எடுக்கும் உங்கள் விளக்குக்குள் எரிவதில் ஒரு நல்ல பங்கு, இந்தோனேசியாவிலிருந்தோ தென்னாபிரிக்காவிலிருந்தோ கப்பலேறி வந்த கரி.

ஒரு பிளேன்டீக்கு எத்தனை நாள்

கணக்குப் பார்ப்பது உடம்புக்கு நல்லதல்ல. ஆனாலும் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு பயம் தெளிந்துவிடும்.

உங்கள் பொடி நல்ல பொடி என்று வைப்போம். ஒரு கிராமுக்கு, ஒரு மணித்தியாலத்துக்கு, 1000 மைக்ரோமோல் ஐதரசன் தருகிறது. இப்படி ஒரு எண்ணைச் சொன்னால் கருத்தரங்கில் யாரும் எழுந்துபோக மாட்டார்கள். ஆனால் நீங்கள் போட்டது ஒரு கிராம் அல்ல, 50 மில்லிகிராம். ஆகவே மணிக்கு 50 மைக்ரோமோல், ஐந்து மணித்தியாலத்துக்கு 250. கனவளவில் 6 மில்லிலீற்றர்; காய்ச்சலுக்கு ஊசி போடும் சிரிஞ்சு ஒன்றுக்குள் அடங்கும். அதை எரித்தால் 71 யூல் வெப்பம். அதே ஐந்து மணித்தியாலத்தில் விளக்கு இழுத்தது ஒன்றரை யூனிட், அதாவது 54 இலட்சம் யூல். கொடுத்ததில் எழுபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்கு திரும்பி வந்திருக்கிறது.

ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 58,600 யூல் வேண்டும். தினமும் ஒரு பரிசோதனை செய்து, ஞாயிறும் போயாவும் பெருநாளும் பாராமல் ஐதரசனைச் சேர்த்துவந்தால், 820 நாளில் ஒரு பிளேன்டீ குடிக்கலாம். சீனி வெளியிலிருந்து வர வேண்டும்.

விளக்கு தின்ற மின்சாரத்தைத் துறையில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பொடிமேல் விழுந்த ஒளியில் எத்தனை பங்கு எரிபொருளானது என்பதுதான் கேள்வி. அது சரியான கேள்வியும்கூட. விளக்கு சூரியனுக்குப் பதிலாள் மட்டுமே, வெளியே போனால் அது ஓசி. வெளியே போனவர்களும் இருக்கிறார்கள். யப்பானில் கசுனாரி தோமென் குழுவினர் 100 சதுர மீற்றர் பரப்புக்குப் பலகைகளை வெட்டவெளியில் அடுக்கி, உண்மையான வெயிலில் தண்ணீரைப் பிரித்து ஐதரசனைத் தனியாக எடுத்தார்கள். 2021இல் வெளிவந்த முடிவு: உச்சமாக 0.76 சதவீதம். இந்தத் துறையில் அது பெரிய வெற்றி. சிரிக்க வேண்டாம், வயலில் நிற்கும் பயிர் வருடம் முழுக்க வெயிலில் நின்று சேமிப்பதும் ஒரு சதவீதத்துக்கு அக்கம்பக்கம்தான், அதற்குக் கோடிக்கணக்கான வருட அனுபவம் இருக்கிறது.

பொடி

குறைகடத்தி ஒன்றின்மேல் ஒளி விழுந்தால் இலத்திரன் ஒன்று மேலே தாவும். அது இருந்த இடத்தில் துளை ஒன்று மிஞ்சும். இலத்திரன் மேற்பரப்புக்கு வந்து சேர்ந்தால் தண்ணீரிலிருந்து ஐதரசன் கிடைக்கும், துளை வந்து சேர்ந்தால் ஒட்சிசன் கிடைக்கும். பெரும்பாலான சோடிகள் வந்து சேர்வதில்லை. வழியிலேயே ஒன்றையொன்று கண்டு மறுபடி கூடி, வாங்கிய ஒளியைச் சும்மா வெப்பமாக்கிவிடும். வழியைக் குறுக்கினால் கூடுவதற்கு முன் கரைசேரும் வாய்ப்பு உண்டு. பருக்கையை ஒரு மில்லிமீற்றரில் பல பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறிதாக்குவது இதற்காகத்தான். நானோ என்ற சொல் வந்தால் நிதி கிடைக்கும் என்பதற்காக மட்டுமல்ல. ரொம்பச் சிறிதாக்கினால் மேற்பரப்புக் குறைகளே இலத்திரனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. அந்த நடு அளவைத் தேடுவதில் உங்கள் இரண்டாம் வருடம் போகும்.

எல்லோரும் தொடங்கும் பொடி தைத்தானியம் ஈரொட்சைட்டு. சுவர்ப் பெயின்டிலும் பற்பசையிலும் இருக்கும் அதே வெள்ளை. 1972இல் அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹொண்டாவும் அதன் பளிங்கு ஒன்றைத் தண்ணீரில் வைத்து ஒளிபாய்ச்சி, எதிரே பிளாற்றினத்தை வைத்து, தண்ணீர் பிரிவதை 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். அடுத்த வருடம் உலகத்தில் எண்ணெய் நெருக்கடி. இவர்கள் பேர் எங்கும் பரவிவிட்டது. ஆகவே பதிவு செய்யும் வருடத்தைத் தெரிவதிலும் கவனம் தேவை: மசகெண்ணெய் விலை ஏறும்போது சேர்ந்து, இறங்குவதற்குள் முடித்துவிடுங்கள்.

தண்ணீரைப் பிரிக்கக் கணக்கின்படி 1.23 இலத்திரன்வோற்று போதும். இந்த வெள்ளைப் பொடியோ 3.2 இலத்திரன்வோற்றுக்குக் குறைந்த ஒளியைத் தொடாது. அதாவது புற ஊதாவை மட்டும் எடுக்கும். வெயிலில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான். மிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்புவதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. எனவே ஆராய்ச்சியாளர்கள் அதற்குச் சாயம் பூசுவதில் இறங்கினார்கள். நைதரசன் சேர்த்து மஞ்சளாக்கினார்கள். 2011இல் ஐதரசனில் வாட்டிக் கறுப்பாக்கினார்கள். கட்மியம் சல்பைட்டு பிறவியிலேயே மஞ்சள், கண்ணுக்குத் தெரியும் ஒளியை நன்றாக வாங்கும். ஆனால் வெளிச்சத்தில் தன்னையே அரித்துக்கொள்ளும், நஞ்சு வேறு. இரும்புத் துரு மலிவு, நிறமும் தோது. அதற்குள் துளை சில நானோமீற்றர் தூரம்கூட நடக்க மாட்டாமல் விழுந்துவிடும். இந்தக் கரையில் துருவுக்குப் பஞ்சமில்லைதான். அதற்காகக் கூரைத் தகட்டைச் சுரண்டிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டாம்.

தைத்தானியமும் நம் நாட்டில் இல்லாததல்ல. கிழக்கே புல்மோட்டைக் கடற்கரையில் இல்மனைற்று மணல் கிடக்கிறது, அதற்குள் இருப்பது தைத்தானியம்தான். மணல் கப்பலேறிப் போகிறது. பொடி போத்தலில் அடைத்து வெளிநாட்டிலிருந்து வருகிறது. போத்தலுக்கு மூன்று கம்பனிகளிடம் விலைமனுக் கோரி, மூன்றாவது கம்பனி பதில் போடும்வரை காத்திருக்கவும்.

மெதனோலை மறக்கவில்லை. துளைகளைத் தண்ணீரோடு மட்டும் விட்டால் வேலை மந்தமாகும். அவற்றுக்குத் தின்னக் கொடுத்தால் இலத்திரன்கள் சுதந்திரமாக ஐதரசன் செய்யும். தின்னக் கொடுப்பது பெரும்பாலும் மெதனோல். மெதனோல் நல்ல எரிபொருள். எரிபொருளை ஊற்றி, எரிபொருளை எடுத்து, 'தண்ணீரிலிருந்து ஐதரசன்' என்று தலைப்பிடும் இந்த வழக்கத்தை எல்லோரும் அறிவார்கள், எல்லோரும் செய்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் தலைப்பிலாவது மெதனோலின் பெயரைச் சேர்த்துவிடுவது மரியாதை.

தேத்தண்ணிக் கடையில்

லீவில் ஊருக்கு வந்தால் இந்த உரையாடல் நிச்சயம். மனப்பாடம் செய்து வையுங்கள்.

"என்ன மகன், கடல் தண்ணில பெற்றோல் எடுக்கிறீங்களாமே?"

"பெற்றோல் இல்ல நானா, ஐதரசன்."

"பைக்குக்கு ஊத்தலாமா?"

"ஊத்த ஏலாது. அது வாயு."

"அப்ப கேஸ். சிலிண்டருக்கு அடிச்சுத் தாங்களேன்."

நையாண்டி என்று நினைத்துவிடாதீர்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் இவர்கள். யூலையில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். எரிபொருள் எங்கிருந்தாவது வருமா என்ற கேள்வியை உங்கள் மேற்பார்வையாளரைவிட இவர்கள் கூர்மையாகக் கேட்பார்கள்.

கடல் தண்ணீர் விடயத்தில் மட்டும் பிடிகொடுக்காதீர்கள். வடித்த தண்ணீர் எதற்கு, இவ்வளவு பெரிய கடல் இருக்கிறதே என்பார்கள். கடலில் உப்பு இருக்கிறது, உப்பில் குளோரைட்டு இருக்கிறது. தண்ணீரிலிருந்து ஒட்சிசன் வர 1.23 வோற்று, குளோரைட்டிலிருந்து குளோரின் வர 1.36 வோற்று. தாளில் ஒட்சிசன் முந்த வேண்டும். நடைமுறையில் ஒட்சிசனுக்கு நாலு இலத்திரன் கைமாற வேண்டும், குளோரினுக்கு இரண்டு போதும். அதனால் பல ஊக்கிகளில் குளோரின் முந்திக்கொள்ளும். முந்தல் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குளத்தைக் கிருமிநீக்கப் போடும் வெளிற்றும் தூளின் மணம் அவர்களுக்குத் தெரியும். "எரிபொருள் வரட்டும் வராமப் போகட்டும், குளோரின் வந்தா நமக்குத் தாங்க" என்று ஒருவர் கேட்கக்கூடும். அது உங்கள் ஆய்வேட்டைவிட நல்ல வியாபாரத் திட்டம்.

முன்னோர் வழிபாடு

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் முன்னோரைக் கும்பிட வேண்டும். இதில் தமிழர் ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. சுவிற்சர்லாந்தின் லொசானில் மைக்கேல் கிரெட்செலோடு வேலைசெய்த கு. கல்யாணசுந்தரம். 1978இல் அவரும் ஜோன் கிவியும் கிரெட்செலும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியால் தண்ணீரிலிருந்து ஐதரசன் எடுக்கும் ஒரு சோதனை ஏற்பாட்டை வெளியிட்டார்கள். ரூதேனியம் சேர்வை ஒன்று ஒளியை வாங்கும். மெதயில் வயலோஜன் இலத்திரனைக் கையேற்று நீலமாக மாறும். நுண்ணிய பிளாற்றினத்தில் வந்து அதை இறக்கிவைக்கும். அங்கே ஐதரசன் குமிழியாகும். ஈடிடிஏ என்ற பொருள் நடுவில் தன்னைக் கொடுத்து அழியும்.

மெதயில் வயலோஜனை ஊரில் வேறு பெயரில் அறிவார்கள்: பரகுவாட், களைகொல்லி. அதைக் குடித்து இறந்தவர்களின் தொகை காரணமாக இலங்கையில் 2008 முதல் படிப்படியாகத் தடைசெய்தார்கள். களையில் அது செய்வதும் இதே வேலைதான்: இலையின் ஒளித்தொகுப்பிலிருந்து இலத்திரனைத் திருடி ஒட்சிசனிடம் கொடுத்து, செடியைத் தன் வெயிலாலேயே கொன்றுவிடும். இந்தப் போத்தலைப் பற்றி உம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கல்யாணசுந்தரத்திடம் கற்க இன்னொன்று உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நடத்துபவர் அவரே. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டெழுதி, மின்நூலாக யாருக்கும் இலவசமாகக் கொடுத்த திட்டம். ஒளியிரசாயனத்தில் உங்கள் பெயர் நிலைக்குமா என்பது உங்கள் கையில் இல்லை. பொடி கைகொடுக்காத வருடங்களில் செய்ய, கண்ணுக்கு முன்னால் வளரும் வேறொரு வேலையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டில் கீர்த்தி தென்னக்கோன். கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் இருந்துகொண்டு, 1995இல் சாயமூட்டிய சூரியக்கலத்தின் திரவத்தை எடுத்துவிட்டுச் செப்பு அயடைட்டு என்ற திண்மத்தை வைத்துக் காட்டியவர். வசதி குறைந்த நாட்டில் இந்த ஆராய்ச்சி ஏலாது என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லலாம். வசதி வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போது சொல்லாமல் விடலாம்.

எங்கே சேர்வது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி இரவிராஜன் நானோத் தைத்தானியம் ஈரொட்சைட்டையும் பல்பகுதியத்தையும் சேர்த்த சூரியக்கலங்களில் நீண்ட காலம் உழைத்தவர். நோர்வேயின் பேர்கனில், மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் தயாளன் வேலாயுதபிள்ளை இலங்கைத் தமிழர். இந்த இரண்டு இடங்களையும் இணைத்து, தூய சக்திக்கான நானோப் பொருட்கள் பற்றிய கூட்டு ஆராய்ச்சித் திட்டம் நோர்வே நிதியில் நடந்தது. மாணவர்கள் போய் வந்தார்கள். பேர்கன் ஐரோப்பாவின் மழை நகரம் என்று பெயரெடுத்த ஊர், வருடத்தில் பாதிக்கு மேல் அங்கே மழை நாள். நோர்வேயோ வடகடலில் எண்ணெய் எடுத்துப் பணக்காரனான நாடு. வெயிலில் எரிபொருள் எடுக்க எண்ணெயும் மழையும் உள்ள இடத்துக்குப் போவது விசித்திரமாகப் பட்டால், வெயில் மட்டும் உள்ள இடத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்துக்குப் போக வாப்பாவிடம் அனுமதி கேட்கும்போது ஒன்றைக் கவனிக்கவும். மதுரங்குளியைச் சுற்றி இருப்பவர்களில் பலர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்கள், அவர்களின் பிள்ளைகள். உங்கள் வாப்பாவும் அவர்களில் ஒருவர் என்றால் நானோவைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார். ஐந்து சந்தி இப்போது எப்படி இருக்கிறது, ஒஸ்மானியாக் கல்லூரியில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்பார். போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த அளவீட்டுக்கு விளக்கு தேவையில்லை.

காபன் யாருடையது

நுரைச்சோலைக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்பதால், புகைபோக்கிக் காபனீரொட்சைட்டைப் பிடித்து வெயிலில் மெதனோலாக மாற்றுகிறேன் என்று விண்ணப்பம் எழுதத் தோன்றும். எழுதுங்கள், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குடுவையில் வந்த மெதனோல் புகையிலிருந்து வந்ததா, உங்கள் விரல் எண்ணெயிலிருந்து வந்ததா, பொடி செய்யும்போது ஒட்டிய கரைப்பானிலிருந்து வந்ததா என்று கேட்பார்கள். காபன் 13 என்ற பாரமான காபனை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். அது விலை. நிரூபிக்காமல் வெளிவந்த கட்டுரைகளும் உண்டு; அவற்றில் எரிபொருளானது எது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

கசிவு

பட்டத்தில் நீங்கள் உண்மையில் கற்கப்போவது இதுதான்.

குடுவையின் வாயில் ஒரு ரப்பர் மூடி. அதில் ஊசியைக் குத்தி வாயுவை இழுத்து வாயுக்களைப் பிரித்து அளக்கும் ஜீசி இயந்திரத்துக்குள் செலுத்த வேண்டும். ஐதரசன் எல்லா மூலக்கூறிலும் சிறியது. இருக்கும் ஓட்டை வழியாகவும் போகும், இல்லாத ஓட்டையையும் கண்டுபிடிக்கும். காற்று எதிர்ப்பக்கமாக உள்ளே வரும். திரையில் ஒட்சிசன் முகடு பெரிதாக எழும். தண்ணீர் பிரிந்துவிட்டது என்று துள்ளக் கூடாது. பக்கத்தில் நைதரசன் முகடு எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வந்தது தண்ணீரின் ஒட்சிசன் அல்ல, நீங்கள் மூச்சுவிடும் அறையினுடையது. மூடியை மாற்று, கிறீஸ் பூசு, ஆகன் வாயுவை அரை மணி ஊது, மறுபடி விளக்கைப் போடு. சவர்க்கார நுரையை இணைப்பெல்லாம் தடவிக் குமிழி பார். இருட்டில் ஒருமுறை, பொடி இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார். இருட்டிலும் ஐதரசன் வந்தால் அந்த வாரத்து முடிவுகள் அனைத்தையும் கிழித்துப் போடு. இடையில் கரண்ட் போகும். போனால் முதலிலிருந்து.

கட்டுரை

மணிக்கு ஒரு கிராமுக்கு எவ்வளவு என்பதே சந்தை விலை. பொடியைக் கூட்டினால் ஐதரசன் அதே விகிதத்தில் கூடாது, ஏனென்றால் ஒளி அவ்வளவுதான். அதனால் 50 மில்லிகிராமுக்குப் பதில் 5 மில்லிகிராம் போட்டுக் கிராமுக்குப் பெருக்கினால் எண் அழகாக ஏறும். இது பொய் அல்ல. உண்மையும் அல்ல. நல்ல நடுவர், விழுந்த ஒளித்துணிக்கைகளில் எத்தனை பயன்பட்டன என்ற குவாண்டம் திறன் எங்கே என்று கேட்பார், கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

காப்புரிமை: இப்போதைக்குத் தேவைப்படாது.

ஏப்ரல்

சூரியன் உச்சிக்கு வரும் மாதம் என்று மேலே சொன்னேன். 2025இல் அந்த மாதத்தில்தான், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடுகளைப் பிற்பகல் மூன்று மணி வரை அணைத்துவைக்குமாறு வீட்டுக்காரர்களை மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகள் பூட்டு, எல்லோரும் விடுமுறையில், மின்சாரத்துக்கு ஆளில்லை, வெயில் மட்டும் வேலைக்கு வந்திருந்தது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன், பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாக எரிசக்தி அமைச்சர் சொன்னார். நாடு முழுக்க இருண்டது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. ஞாயிறு என்பதால் தேவை குறைவு, சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம், அதனால் வலையமைப்பு ஆட்டம் தாங்கவில்லை என்று பின்னர் விளக்கினார்கள்.

உச்சி வெயிலில் எறியப்படும் சக்தியை இரவுக்கு எடுத்துவைக்கும் பாத்திரம் இந்த நாட்டிடம் போதாது. பற்றரி சில மணித்தியாலம் தாங்கும். மழை மாதத்துக்கு வேண்டுமென்றால் எரிபொருளாகத்தான் கட்டிவைக்க வேண்டும். கலியாண வீட்டில் கேட்பவருக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான், சுருக்கமாக: நாங்கள் வெயிலைக் கருவாடு போடப் பார்க்கிறோம், நானா. சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். பிறகு ஒருவர் திரும்பி வந்து, எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும் என்று கேட்பார். அவருக்கு உட்கார்ந்து விளக்குங்கள்.

பட்டத்துக்குப் பிறகு வேலை

ஊரிலேயே வேலை பார்க்க வேண்டும் என்று உம்மா பிடிவாதமாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். 300 மெகாவாட் அளவுள்ள நிலக்கரி மின்பிறப்பாக்கிகளை உலகில் வழக்கமாகக் குளிரூட்டுவது ஐதரசனால். காற்றைவிடப் பதினாலு மடங்கு இலேசு, வெப்பத்தை ஏழு மடங்கு வேகமாகக் கடத்தும், சுழலும் உருளைக்கு உராய்வும் குறைவு. அதனால் அப்படிப்பட்ட நிலையங்களுக்கு ஐதரசனைத் தெரிந்த ஆள் எப்போதும் தேவை. அது வெயிலில் எடுத்த ஐதரசனா என்று யாரும் கேட்கப்போவதில்லை. நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி மட்டும் நிச்சயம் வரும்: மூடிய தொகுதியிலிருந்து ஐதரசன் கசிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

அடுத்தவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் சவர்க்கார நுரையிலிருந்து தொடங்கலாம்.